பதினேழு வீட்டுத் தீ

1997 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, புதுச்சேரி முத்தியால்பேட்டைக்குக் கிழக்கே சுண்ணாம்புக்காரத் தெருவில் பதினேழு வீட்டு அடுப்புகளில் தீ ஒரே நேரத்தில் தணிந்தது; தணித்தவர் பெயர் தைரியநாதன்.

அவர் தணித்தது தன் வீட்டு மொட்டை மாடியில் இருந்த ஒற்றை அடுப்பைத்தான். கல்யாணச் சமையல்காரர்கள் வைத்திருப்பதுபோல மூன்று வளையம் வைத்த பெரிய கேஸ் அடுப்பு, அதன்மேல் ஒரு அண்டா, அண்டாவுக்குள் அவர் ஈரச் சாக்கில் முளைகட்டி, வெயிலில் காயவைத்து, மாவு மில்லில் கெஞ்சிக் கேட்டு உடைத்து வந்த பார்லியின் சாறு. இன்னும் சில வாரத்தில் பீராகப் போகிற அந்தச் சாறு கொதி வந்து நுரைதள்ளி விளிம்பைத் தொட்டபோது, பீர் காய்ச்சுகிற எவரும் செய்வதை அவரும் செய்தார், திருகைத் திருப்பித் தீயைக் குறைத்தார். அந்த நொடியில் எதிர்வீட்டுப் புனிதவதி பூரிக்குக் காயவைத்திருந்த எண்ணெயின் அடியில் தீ பாசிமணி அளவுக்குச் சுருங்கிற்று. அவளுக்கு அடுத்த வீட்டில் ஜமீலாவின் கறிக் குழம்பு கொதிப்பதை நிறுத்திற்று. தெருமுனையில் கலியபெருமாள் தனக்கென்று தனியாகப் போட்டுக்கொள்ளும் இரண்டாவது காபி பாதியில் நின்றது. மாடியில் நுரை அடங்கியது. தைரியநாதன் மறுபடி தீயைக் கூட்டினார். பதினேழு வீட்டிலும் தீ எழுந்து பாத்திரங்களின் இடுப்பைப் பிடித்தது. அன்று காலை மட்டும் ஐந்தாறு தரம் நுரை ஏறி இறங்கியது, ஐந்தாறு தரம் தெருவும் ஏறி இறங்கியது, கடைசித் தரத்தில் கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு ஊறிய ரொட்டி மணக்கும் ஆவி எங்கிருந்து வருகிறதென்று அண்ணாந்து பார்த்தார்கள், விஷயம் விளங்கிவிட்டது.

காரணம் தேடித் தெரு அதிக நேரம் செலவழிக்கவில்லை. கேஸ் கம்பெனியிலிருந்து வந்த மெக்கானிக் நாலு வீட்டில் ரெகுலேட்டரை மாற்றினான், டியூபை மோந்து பார்த்தான், ஜமீலா போட்ட டீயைக் குடித்தான், அந்த டீ கொதிப்பதற்காக அவள் எதிர் மாடியைப் பார்த்துக் குரல்கொடுக்க வேண்டியிருந்ததையும் பார்த்தான், இது தன் இலாகா இல்லை என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தான். திங்கட்கிழமை காலையில் இன்னொன்றும் தெரிந்தது. மாடி அடுப்பு எரியாதபோது தெருவில் எந்த அடுப்பும் பற்றாது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இறக்கினார்கள், அதுவும் பற்றவில்லை. கொல்லையில் கல் கூட்டி விறகு வைத்தார்கள், புகை மட்டும் வந்தது. கற்பூரமும் பீடியும் கொசுவத்தியும் தங்கள் இஷ்டத்துக்கு எரிந்தன, சமைக்கிற தீ மட்டும் தைரியநாதன் கையைப் பார்த்து எரிந்தது. அவர் கையை மட்டும். அவர் மனைவி அமலோற்பவம் அதே திருகைத் திருப்பிப் பார்த்தாள், கலியபெருமாள் திருப்பிப் பார்த்தார், தெரு கண்டுகொள்ளவில்லை. தெருவில் மொத்தம் பதினெட்டு வீடு. கணக்கில் வராத அந்தப் பதினெட்டாவது, தைரியநாதன் வீட்டுக்குள்ளேயே, கீழே சமையலறையில் இருந்த அமலோற்பவத்தின் இரட்டை அடுப்பு. அது முன்போலவே அவள் சொன்னபடிதான் கேட்டது.

தைரியநாதன் பிரான்சில் ஸ்திராஸ்பூருக்குப் பக்கத்தில் ஒரு பீர் ஆலையில் இருபத்தாறு வருஷம் கொதிகலன் பார்த்துவிட்டு, பிரெஞ்சுப் பென்ஷனோடு அப்பா கட்டிய வீட்டுக்குத் திரும்பியவர். மகள் ஜோஸ்லின் அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டு தங்கிவிட்டாள். பிரான்சுப் பென்ஷன் வாங்குகிறவர்களை ஊர் கூப்பிடுகிறபடி தெரு அவரை முசியே என்று கூப்பிட்டது. ஆலையில் தீ எப்போதும் அடுத்தவன் உத்தரவுக்கு எரிந்தது, தன் உத்தரவுக்கு எரிந்த தீயில் ஒரே ஒரு நல்ல பீர் காய்ச்சிவிட வேண்டும் என்பதுதான் அவர் ஊர் திரும்பியதற்கு வெளியே சொல்லிக்கொண்ட காரணம். கசப்புக்குப் போடுகிற காய்ந்த பூவை மகள் பார்சலில் அனுப்பினாள். மற்றதெல்லாம் தீ. உடைத்த பார்லி, கை வைத்தால் சுட்டு எடுக்கிற, ஆனால் கொதிக்காத தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வேண்டும். தீ கொஞ்சம் ஏறினால் இனிப்பு இறங்காது, கொஞ்சம் இறங்கினால் புளிப்புத் தட்டும். அதற்குப் பிறகு வடிகட்டிய சாறு ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்க வேண்டும், கொதி தளர்ந்தாலும் கெட்டது, பொங்கி வழிந்தாலும் கெட்டது. ஆகவே அவர் முக்காலியைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் தெர்மாமீட்டரும் ஒரு கையில் திருகுமாக, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் அந்த நீல வளையங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் சில ஞாயிறுகளில் தெரு அவர் பீருக்கு ஏற்றபடி சமைத்தது. ஊறுகிற மணியில் சிம்மில் வேக வேண்டியதை வைத்தார்கள். தம் போடுவதற்கு இதைவிடத் தோதான தீ தன் மாமியார் காலத்திலும் இருந்ததில்லை என்று ஜமீலா சொன்னாள், அன்றைக்கு அவள் பிரியாணி ஏழு வீட்டுக்குப் போனது. கொதிக்கிற மணியில் தெரு முழுக்க அப்பளமும் வடையும் பொரிந்தன. ஆனால் ஞாயிறு ஒன்று போக வாரத்தில் ஆறு நாள் இருந்தது, பதினேழு வீட்டுக்கும் பசி இருந்தது. பஞ்சு மில்லில் அதை மூடும்வரை நேரக் கணக்காளராக இருந்த கலியபெருமாள், முப்பது வருஷம் சங்கு ஊதவைத்த பழக்கத்தில், தெருவுக்கு ஒரு நேரம் வகுத்தார். காலை ஐந்துக்குப் பெரிய தீ, பால் பொங்கும் நேரத்துக்குச் சிம், மறுபடி பெரிய தீ, பிறகு நடுத்தரம், பதினொன்றுக்கு மேல் தாளிப்புக்கு ஒரு எழுப்பு, மத்தியானம் ஓய்வு, சாயங்காலம் நாலரைக்குப் பலகாரத் தீ, எட்டு மணிக்கு அணைப்பு. தைரியநாதன் மாடி விளிம்பில் நின்று முன்கூட்டியே குரல் கொடுப்பார், தணிக்கிறேன் என்பார், ஏத்துறேன் என்பார், தெரு கரண்டியைக் கையில் எடுத்துக்கொள்ளும். சிலிண்டர் தீர்ந்தால் முறை வைத்து ஒரு வீட்டிலிருந்து ஒன்று மேலே போகும்.

அப்படியே ஒரு வருஷம் போனது, ஒன்றரை வருஷமும் போனது. தெருவில் எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள். யார் வீட்டுக்கும் ரகசியமாக விருந்தாளி வர முடியவில்லை, ஏனென்றால் நேரங்கெட்ட நேரத்தில் காபி போட மாடியைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் பதினேழு வீட்டுக்கும் காது உண்டு. தீயைக் குறைக்காமல் விட்டாய், பாலைப் பொங்கவிட்டாய் என்று மருமகள்களைத் திட்டுவது நின்றுபோனது, திட்ட வேண்டுமானால் முசியேயைத் திட்ட வேண்டும், அவரை யாரும் திட்டுவதில்லை. ரம்ஜானில் அவர் ஜமீலா வீட்டு சஹருக்காக விடியுமுன் எழுந்து பற்றவைத்தார். மார்கழியில் விடியற்காலை வெண்பொங்கலுக்கு எழுந்தார். ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில் தன் நோன்பைத் தான் பார்த்துக்கொண்டே ஊர்க் கறியெல்லாம் வேகக் காவலிருந்தார். இந்த வேலைக்கு நடுவே பீர் நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு யாரோ வீட்டில் வளைகாப்புக்குத் தீ கேட்டார்கள், அடுத்த ஞாயிறு இன்னொன்று, கடைசியாக ஊறவைத்த பார்லி புளித்து நுரைத்து மாடி முழுக்க நாறியபோது அதை அவரே தென்னை மரத்தடியில் கொட்டினார். அண்டாவில் அதன்பிறகு வெறும் தண்ணீர்தான் கொதித்தது.

புனிதவதிக்குத்தான் இந்த ஏற்பாட்டில் ஆதாயம் அதிகம். அவள் கணவர் தணிகாசலம் லாரியோடு வடக்கே போனால் மாதத்துக்கு இரண்டு தரம் வந்து தலைகாட்டுவார், அவள் வீட்டிலேயே இட்லியும் இடியாப்பமும் அவித்து இரண்டு ஓட்டலுக்கும் சின்னச் சின்ன விசேஷங்களுக்கும் கொடுத்துவந்தாள், அதற்கு நேரம் தவறாத தீ கிடைத்தது. எதிர்வீடு என்பதால் மாடிக்கும் தெருவுக்கும் நடுவில் தூது பேசுகிற வேலையும் அவளுக்கு வந்து சேர்ந்திருந்தது. காலையில் முதல் ஈடு இறங்கியதும் தைரியநாதன் மேலிருந்து, எப்படி வந்திருக்கு என்று கேட்பார். அவள் ஒன்றைப் பிட்டு மேலே பார்த்துக் காட்டுவாள். அந்தத் தெருவில் அவளிடம் காலையில் யாராவது ஒன்று கேட்டார்கள் என்றால் அது இந்தக் கேள்வி ஒன்றுதான்.

1999 பங்குனியில் ஒரு காலை, பால் பொங்கி வந்தது, மாடியில் அவர் தும்மிக்கொண்டிருந்தார், சிம்முக்கு இறக்கவில்லை. புனிதவதியின் கை, இரண்டு வருஷமாக ஒன்றுக்கும் உதவாமல் கிடந்த தன் அடுப்புத் திருகுக்குத் தானாகப் போனது. தீ தணிந்தது. அவள் மறுபடி கூட்டினாள், கூடியது. அணைத்துவிட்டுப் பற்றவைத்தாள், பற்றியது. அவள் அதை வேடிக்கையாகவும் நினைக்கவில்லை, சந்தோஷமாகவும் நினைக்கவில்லை, குழம்பைக் கிளறுகிறவள் உப்புப் பார்ப்பதுபோல் இன்னொரு தரம் பார்த்துக்கொண்டு ஜமீலா வீட்டுக்குப் போனாள். அங்கேயும் அப்படித்தான். மத்தியானத்துக்குள் பதினேழு வீட்டிலும் பார்த்துவிட்டார்கள், எந்த வீட்டிலும் சத்தம் எழவில்லை, ஏனென்றால் மாடியில் முசியே இருந்தார்.

சாயங்காலம் ஜமீலா வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். சொல்லிவிடலாம் என்றுதான் பேச்சு தொடங்கியது. யார் சொல்வது என்றபோது பேச்சு நின்றது. அவர் நமக்காகப் பீரை விட்டார் என்றாள் ஜமீலா. தூக்கத்தை விட்டார் என்றார் இன்னொருவர். கலியபெருமாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மில்லை மூடின அன்றைக்குத் தன்னைக் கூப்பிட்டு, இனி நேரம் பார்க்க வேண்டியதில்லை என்று சொன்னவன் முகம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது என்றார். பிறகு, “ஒரு மாசம் போகட்டும். மெதுவா, மனசு நோகாம சொல்லிக்கலாம்” என்றார். புனிதவதியும் தலையாட்டினாள். அதிகம் ஆட்டினவள் அவளாகக்கூட இருக்கலாம்.

அப்புறம் நடந்தது அந்தத் தெருவால் மட்டுமே செய்யக்கூடியது. இரண்டு வருஷப் பழக்கம் கையில் இருந்ததால் யாருக்கும் சிரமம் தெரியவில்லை. மேலிருந்து தணிக்கிறேன் என்று குரல் வந்ததும் பதினேழு பெண்கள் தங்கள் திருகைத் தாங்களே தணித்தார்கள், ஏத்துறேன் என்றதும் ஏற்றினார்கள். எட்டு மணிக்கு அவர் அணைத்தால் பாதி வெந்த பருப்பை அப்படியே விட்டு அணைத்தார்கள். அவசரமாகக் காபி வேண்டுமென்றால் முன்போலவே வாசலுக்கு வந்து, முசியே கொஞ்சம் ஏத்துங்களேன் என்று கேட்டார்கள். ஒரு மாதம் என்றது சித்திரையிலும் முடியவில்லை, வைகாசியிலும் முடியவில்லை. பாசாங்கு நாள்பட நாள்பட, சொல்வதென்றால் பாசாங்கையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும் என்றாகிவிட்டது. ஜமீலா ஒரு தரம் முயன்றாள், ஞாயித்துக்கிழமை நீங்க உங்க பீரைக் காய்ச்சுங்களேன் முசியே, நாங்க பாத்துக்குறோம் என்று சொன்னாள். அவர் சிரித்தார். நீங்க எதை வெச்சுப் பாத்துப்பீங்க என்று கேட்டார்.

ஆனி மாதத்தில் அமலோற்பவத்துக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னார். ஸ்திராஸ்பூரில் மகள் இருக்கிறாள், பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே போய் அறுத்து எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. இருவரும் போவதாக இருந்தது. பிறகு அவள் முன்னால் போவதாகவும் அவர் வேளாங்கண்ணிக் கொடியேற்றம் முடிந்து வருவதாகவும் ஆனது, ஏனென்றால் அந்தச் சமயம் தெருவில் யாத்திரைக்காரர்களுக்குப் பொங்கிப் போடுகிற வேலை இருந்தது.

ஒரு காலை அமலோற்பவம் தெருவைக் கடந்து புனிதவதியின் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. மெலிந்திருந்தாள், புடவை இடுப்பில் நிற்காமல் அடிக்கடி ஏற்றிச் செருகிக்கொண்டாள்.

“நீ சொன்னா கேப்பாரு புனிதா. ரெண்டு மாசம் பக்கத்துத் தெருவுல உங்க ஜனங்க வீட்ல பொங்கிக்க மாட்டீங்களா? ஓட்டல்ல சாப்பிட்டா செத்தா போயிடுவீங்க?”

“அப்படியெல்லாம் இல்லக்கா.”

“ஆபரேஷன் முடிஞ்சு கண்ணத் தொறக்கும்போது அந்த மனுசன் பக்கத்துல நிக்கணும். வேற ஒண்ணும் கேக்கல. எங்க வூட்டு அடுப்புக்கு அவரு தேவப்படல பாரு, அதனாலதான் மேலயே குடியிருக்காரு.”

அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். புனிதவதி வாயெடுத்தாள். அப்போது மேலே மாடி விளிம்பில் தைரியநாதனின் தலை தெரிந்தது, ஏத்துறேன் என்று குரல் வந்தது, அவள் கை பின்னால் போய், அமலோற்பவத்துக்குத் தெரியாமல், கதவுக்குப் பின்னால் போட்டிருந்த அடுப்பில் இடியாப்பப் பானையின் அடியில் இருந்த தீயை ஏற்றியது. பிறகு அவள் சொன்னது இதுதான்: “அவர் இல்லாம எப்படிக்கா. நான் கேட்டுப் பாக்குறேன்.”

கேட்கத்தான் அன்று மத்தியானம் மாடி ஏறினாள். அடுப்பு அணைந்து ஓய்ந்திருந்த நேரம். தைரியநாதன் பர்னர் வளையங்களைக் கழற்றிக் கம்பியால் ஒவ்வொரு துளையாகக் குத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தார், ஒரு துளை அடைத்தாலும் யாரோ ஒரு வீட்டில் தீ சரிந்து எரியும் என்றார். அவளுக்கு முக்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவள் கேட்காமலேயே ஆலையைப் பற்றிப் பேசினார். கொதிகலன் அறைக்கும் மேஸ்திரி அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி, மேஸ்திரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு விரல் காட்டினால் ஏற்ற வேண்டும், இரண்டு விரல் காட்டினால் தணிக்க வேண்டும். தன் பெயர் அங்கே யார் வாயிலும் நுழையவில்லை, மூன்றாம் கொதிகலன் என்றுதான் கூப்பிட்டார்கள், ஓய்வுபெற்ற அன்று கொடுத்த கேக்கிலும் அப்படித்தான் எழுதியிருந்தது, வேடிக்கைக்குத்தான் எழுதினார்கள், எல்லோரும் சிரித்தார்கள், தானும் சிரித்ததாகச் சொன்னார்.

“நேத்து உங்க இட்லி எப்படி வந்துச்சு?” என்று கேட்டார்.

“பஞ்சு மாதிரி வந்துச்சு முசியே.”

“வரும். அஞ்சே காலுக்கு ஒரு மயிரிழை ஏத்தினேன். கூப்ட்டுச் சொல்லல, நீங்களே கண்டுபிடிக்கிறீங்களான்னு பாத்தேன்.”

அந்தக் காலையில் புனிதவதியின் தீ அவள் வைத்த இடத்தில்தான் நின்றிருந்தது. அதைச் சொல்லத்தான் நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள். அக்கா பாவம், கூடப் போயிட்டு வாங்களேன் என்று மட்டும் சொன்னாள். போகாம என்ன, கொடியேற்றம் முடியட்டும் என்றார் அவர். அந்தப் பதிலில் அவளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. மறுநாள் காலை மேலிருந்து ஒருவரும் எப்படி வந்திருக்கு என்று கேட்காமல் இருப்பதை அவள் ஒரு கணம் நினைத்துப் பார்த்திருந்தாள். இதை அவள் பிற்பாடும் யாரிடமும் சொன்னதில்லை.

ஆடியில் அமலோற்பவம் தனியாகக் கிளம்பினாள். தெருவே வாசலுக்கு வந்தது, ஜமீலா இஞ்சி மொரபாவும் கலியபெருமாள் மனைவி புளிக்காய்ச்சலும் கட்டிக் கொடுத்தார்கள். தைரியநாதன் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு, சென்னை விமான நிலையம் வரை போகக் காலெடுத்தவர், சாயங்காலத் தீக்குள் திரும்ப முடியாது என்று நின்றுகொண்டார். காரின் கண்ணாடியை இறக்கி அமலோற்பவம் புனிதவதியைக் கூப்பிட்டு, அவருக்கு நேரத்துக்குச் சோறு போடு, ஊர்ச் சோற்றைப் பார்க்கிறவர் தன் சோற்றைப் பார்க்க மாட்டார் என்றாள். ஆபரேஷன் தள்ளிப்போனது, மருந்து கொடுத்து உடம்பைத் தேற்றிவிட்டுச் செய்யலாம் என்றார்கள். கொடியேற்றம் முடிந்தது, நவராத்திரிச் சுண்டல் வந்தது, அது முடிந்ததும் தீபாவளிப் பலகாரத்துக்குப் பாகு காய்ச்சுகிற நாட்கள் தொடங்கின, பாகுக்குத் தீ ஒரு நொடி பிசகினாலும் கம்பிப் பதம் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஞாயிறுதோறும் மகள் போனில் கேட்டாள், அவர் அடுத்த வாரம் என்றார். தெருவில் ஒவ்வொருவரும் அடுத்தவர் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தார்கள்.

ஐப்பசி பிறந்த நாலாம் நாள், மத்தியானம் இரண்டு மணி வாக்கில் போன் வந்தது. ஆபரேஷன் முடிந்தது, அமலோற்பவம் கண்ணைத் திறக்கவில்லை.

தெரு அந்த வீட்டுக்குள் வந்து நிறைந்தது. கூடத்தில் அவளுடைய கல்யாணப் படத்தை இறக்கி மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், வேதக்காரப் பெண்கள் செபமாலை சொன்னார்கள், மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்தார்கள். இந்துவானாலும் வேதக்காரரானாலும் அந்தத் தெருவில் ஒரே வழக்கம், சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவர வேண்டும். யார் காலைக்கு, யார் ராத்திரிக்கு என்று பெண்கள் தாழ்ந்த குரலில் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூன்று மணிக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தார்கள். தைரியநாதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு தம்ளர் கொடுத்தபோது வாங்கிக் குடித்தார், யார் கொடுத்தார்கள் என்று பார்க்கவில்லை.

நாலரை மணிக்கு அவர் எழுந்தார். மாடிப் படியைப் பார்த்து நடந்தார். தனியாக அழப் போகிறார் என்று வழிவிட்டார்கள். மாடத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்ததைப் பார்த்தவள் புனிதவதி ஒருத்திதான். அவள் கலியபெருமாளைப் பார்த்தாள், அவர் தரையைப் பார்த்தார். ஜமீலாவைப் பார்த்தாள், ஜமீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புனிதவதி எழுந்து அவர் பின்னால் படியேறினாள்.

மாடியில் அவர் சிலிண்டரைத் திறந்துவிட்டு அடுப்புக்குக் குனிந்திருந்தார்.

“மூட்டாதீங்க முசியே.”

“தெரியும்” என்றார் அவர், நிமிரவில்லை. “சாவு வூட்ல அடுப்பு மூட்டக் கூடாது. அதுக்காகப் பதினேழு வூட்டுப் பசங்க பட்டினி கெடக்கணுமா? அமலோற்பவம் ஒண்ணும் சொல்ல மாட்டா.”

“பட்டினி கெடக்க மாட்டாங்க.”

“ராத்திரிக்கு எப்படிப் பொங்குவீங்க? இன்னிக்கி இத்தன பேரு வந்திருக்காங்க...”

தீக்குச்சி பெட்டியின் மேல் வைத்தபடி இருந்தது, உரசவில்லை. கீழே செபமாலை சொல்கிற குரல் கேட்டது. பிறகு அவர் நிமிர்ந்து, தெருவைப் பார்க்காமல், அவளையும் பார்க்காமல், காலி அண்டாவைப் பார்த்துச் சொன்னார்:

“மூணு மணிக்குக் குடுத்த காபி சூடா இருந்துச்சே.”

புனிதவதி தலையாட்டினாள்.

“எப்பலேந்து?”

“பங்குனிலேந்து முசியே.”

அவர் விரல்களை மடக்கினார். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. ஆடியில் வந்து நின்றார், அந்த விரலை மடக்காமல் பிடித்துக்கொண்டார். தன்னைத் திட்டுவார் என்று புனிதவதி எதிர்பார்த்தாள், அழுவார் என்று எதிர்பார்த்தாள், எல்லாரும் சேர்ந்துதான் என்று சொல்லத் தயாராக வைத்திருந்தாள், அதைச் சொல்லும்படி அவர் எதுவும் கேட்கவில்லை. குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டார். சிலிண்டரை மூடினார், மூடியிருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்தார். படியிறங்கிப் போய் மனைவியின் படத்துக்கு எதிரில் முன்பு உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

விமான டிக்கெட் கிடைக்கும்வரை இரண்டு நாள் அவருக்குத் தெருவிலிருந்து சாப்பாடு போனது. கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டார். பாத்திரங்களைக் கழுவித் துடைத்து அந்தந்த வீட்டு வாசலில் தானே கொண்டுபோய் வைத்தார். கிளம்புகிற காலையில் புனிதவதி இட்லி கொண்டுபோனாள். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, “நல்லா வந்திருக்கு புனிதம்மா. நீங்களே வெச்ச தீயா?” என்று கேட்டார். குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆமாம் என்றாள் அவள். அவர் தலையாட்டிவிட்டு மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது அமலோற்பவத்தை அடக்கம் செய்து ஒரு நாள் ஆகியிருந்தது. நாற்பதாம் நாள் பூசை முடிந்து திரும்பிவிடுவார் என்று தெரு பேசிக்கொண்டது, அவர் திரும்பவில்லை. மறு வருஷம் மகள் வந்து வீட்டை விற்றாள். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, அதனால் அவளிடம் என்ன சொல்லியிருக்கிறார் என்று தெருவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. சில காலம் தெருவில் ஒவ்வொருவரும் தான் அப்போதே சொல்லிவிடலாம் என்றுதான் சொன்னதாகச் சொன்னார்கள், கலியபெருமாள்கூடச் சொன்னார். புனிதவதி அப்படிச் சொல்லவில்லை. அவளைக் கேட்டால், நான் மேலே போனேன், சொல்லாமல் இறங்கி வந்தேன் என்பாள், அதற்குமேல் பேச மாட்டாள். பெண்கள் மறுபடி அவரவர் நேரத்துக்குச் சமைத்தார்கள், பால் ஒவ்வொரு வீட்டில் ஒவ்வொரு நேரத்தில் பொங்கியது, மருமகள்கள் திட்டு வாங்கினார்கள். புனிதவதிக்கு வேலை பெருகியது, இரண்டு பெண்களைக் கூட வைத்துக்கொண்டாள், கல்யாணங்களுக்குக்கூட எடுத்துச் செய்தாள்.

2004 பிப்ரவரி 12, வியாழக்கிழமை, தைரியநாதன் ஸ்திராஸ்பூரில் இறந்தார். அடுத்த வாரம் பங்குக் கோயிலில் அவருக்காக வைத்த பூசைக்குச் சுண்ணாம்புக்காரத் தெருவிலிருந்து நான்கு பேர் போனார்கள். புனிதவதி போகவில்லை, அன்று அவளுக்கு வில்லியனூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு நூற்றைம்பது பேருக்குச் சமையல்.